கனடா மாதிரி நமக்கும் பால் கோட்டா வேண்டுமா? மலையில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து சொல்லுங்கள்

கட்டபெட்டு கறவை:

கனடாவில் ஒரு பண்ணை எவ்வளவு பால் ஊற்றலாம் என்பதற்கு அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குக் கோட்டா என்று பெயர், அதனால் அங்கே பால் விலை சரிவதே இல்லை, இங்கேயும் அப்படிச் செய்தால் மாட்டுக்காரன் பிழைத்துக்கொள்வான் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் ஒரு பாதி ரொம்பச் சரி, இன்னொரு பாதி நமக்கே வினையாக வந்து முடியும் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

சரி என்று படுவது, அங்கே விலையை மாட்டுக்காரனின் செலவைப் பார்த்து வைக்கிறார்களாம் என்பது. இங்கே 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயில் இருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் 38 ஆனது. எருமைப்பால் 41, 44, 47 என்று ஏறியது. ஏறியதில் சந்தோஷம்தான். ஆனால் எப்போது ஏறும், எவ்வளவு ஏறும், எதைப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்று பால் ஊற்றுகிற ஒருவருக்கும் முன்கூட்டியே தெரியாது.

எங்கள் நீலகிரி மலைக் கணக்கு வேறு. வைக்கோல் கீழே இருந்து லாரியில் ஏறி வர வேண்டும், புண்ணாக்கும் தவிடும் அப்படித்தான், ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி வாடகை சேர்கிறது. சோலைப் பக்கம் மேய்க்க வனத்துறை விடாது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கட்டினால் சிறுத்தை பயம், பட்டப்பகலில் காட்டெருமை வந்து நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கிக்குயு புல் கருகிப் போகும். அப்புறம் மழை பிடித்து இளம்புல் தளதளவென்று வரும்போது பால் கூடும், ஆனால் கொழுப்பு இறங்கிவிடும், சொசைட்டியில் ரீடிங் சீட்டைக் கையில் வாங்கினால் லிட்டர் ஏறிய அளவுக்குப் பணம் ஏறியிருக்காது. இவ்வளவுக்கும் அரசு அறிவிக்கிற விலை சமவெளிக்கும் மலைக்கும் ஒன்றுதான்.

பயம் எதில் என்றால், கோட்டா வந்தால் இன்று யார் எவ்வளவு ஊற்றுகிறார்களோ அதை வைத்துத்தானே பிரித்துக் கொடுப்பார்கள்? ஒற்றை மாடு வைத்திருக்கிற பெண்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். அடுத்த வருடம் ரெண்டாவது மாடு வாங்க நினைப்பவர் என்ன செய்வார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூரான் ஒண்டாரியோ:

அண்ணா, நான் குன்னூர். இப்போது ஒண்டாரியோவில் ஒரு பால் பண்ணையில் மந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கோட்டா லிட்டரில் இல்லை, ஒரு நாளைக்கு இத்தனை கிலோ வெண்ணெய்க் கொழுப்பு என்று கணக்கு. நன்றாகக் கறக்கிற ஒரு மாடு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கொழுப்பு தரும். அந்த ஒரு கிலோவுக்கான உரிமையை வாங்க ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் 24,000 கனடா டாலர், அதற்கு மேல் விலை போகக் கூடாது என்று உச்சவரம்பே போட்டிருக்கிறார்கள். மாட்டின் விலை தனி, கொட்டகை, நிலம், கறவை இயந்திரம் எல்லாம் தனி. இது வெறும் பால் ஊற்றுவதற்கான அனுமதிக்கு மட்டும். நூறு கிலோ கோட்டா வைத்திருக்கிற பண்ணை என்றால் 24 லட்சம் டாலர் ஒரு காகிதத்தில் இருக்கிறது.

எங்கள் பண்ணையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் வண்டி வரும். டேங்கில் எவ்வளவு இருக்கிறது, இந்த மாதம் இதுவரை எவ்வளவு கொழுப்பு போயிருக்கிறது என்று முதலாளி கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாள் கூடக்குறைய இருக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பையும் தாண்டிப் போன பாலுக்குக் காசு கிடையாது. அதனால் தாண்டும் என்று தெரிந்தால் சினை மாட்டைக் கொஞ்சம் முன்னாலேயே வற்ற விடுவோம், கன்றுகளுக்குப் பவுடரைக் குறைத்துப் பாலையே ஊட்டுவோம், சுமாராகக் கறக்கிறதை விற்றுவிடுவோம். குறையும் என்று தெரிந்தால் தீவனத்தை மாற்றிக் கொழுப்பை ஏற்றப் பார்ப்போம்.

விலை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. 1966-இல் ஏற்படுத்திய கனடா பால் ஆணையம் பண்ணைகளின் உற்பத்திச் செலவை ஆய்வு செய்து, விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து ஒரு சூத்திரப்படி விலை வைக்கிறது, வழக்கமாகப் பிப்ரவரி 1 முதல் புது விலை. 2022-இல் தீவனமும் டீசலும் ஏறியபோது 8.4 சதவீதம் கூட்டினார்கள், அதே வருடம் செப்டம்பரில் இன்னும் 2.5 சதவீதம். யாரும் சாலைக்கு வர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த விலை தனியாக நிற்கவில்லை. உற்பத்திக்கு அளவு, விலைக்குச் சூத்திரம், எல்லையில் வரி, மூன்றும் சேர்ந்துதான் நிற்கிறது. வெண்ணெய்க்கு 298.5 சதவீத இறக்குமதி வரி, சீஸுக்கு 245.5. இந்த மூன்றாவது கால்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. 2017-இல் ஐரோப்பாவோடு ஒப்பந்தம், 2018-இல் பசிபிக் நாடுகளோடு, 2020 ஜூலையில் அமெரிக்கா, மெக்சிகோவோடு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சந்தையைத் திறந்துவிட்டார்கள், பண்ணைகளுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். கடைசி ஒப்பந்தத்தில் கனடா எவ்வளவு பால் பவுடர் ஏற்றுமதி செய்யலாம் என்பதற்குக்கூட வரம்பு வந்துவிட்டது, வருடத்துக்குச் சுமார் 35,000 டன், அதைத் தாண்டினால் கிலோவுக்குக் கட்டணம். இதற்கு மேல் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2025 ஜூனில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது.

கட்டபெட்டு கறவை:

தம்பி, ரொம்ப நன்றி. ஒன்றே ஒன்று, அப்பன் பண்ணை இல்லாத ஒரு பையன் அங்கே புதிதாகப் பால் தொழிலுக்கு வர முடியுமா?

குன்னூரான் ஒண்டாரியோ:

கஷ்டம் அண்ணா. புதியவர்களுக்குக் கொஞ்சம் கோட்டா கடனாகத் தரும் திட்டங்கள் மாகாணங்களில் உண்டு, இடம் குறைவு. மற்றபடி மாதாமாதம் கோட்டா சந்தை நடக்கும், விற்பவர் கொஞ்சம், கேட்பவர் நிறைய, ஆளுக்குத் துளித்துளியாகத்தான் கிடைக்கும். நான் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் இதில் சொந்தமாக இறங்குவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இன்னொன்று, கோட்டா சின்னப் பண்ணைகளைக் காப்பாற்றியது என்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கே 1,20,000-க்கு மேல் பால் பண்ணைகள், இன்று 10,000-க்கும் கீழே. இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள், உண்மை. போனவர்கள் கோட்டாவை விற்றுப் பணத்தோடு போனார்கள், அதுவும் உண்மை.

ஊட்டி பேக்கரி:

வாங்குகிற பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். நான் கேக், பன், சாக்லேட் செய்கிறேன். வெண்ணெயும் பால் பவுடரும்தான் என் முதல் செலவு. வெளிநாட்டு வெண்ணெய்க்கு 40 சதவீத வரி, பவுடருக்கு 60. சீசனில் இங்கே வெண்ணெய் கிடைக்காமல் அல்லாடியிருக்கிறேன், ஒரு மொத்த வியாபாரி சொன்ன விலைக்கு வாங்கியே ஆக வேண்டிய நிலை. என் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வீட்டிலும் தினமும் பால் பாக்கெட் வாங்குகிறார்கள். கனடாவில் பால் விலை என்ன என்று பாருங்கள், அந்த நிம்மதிக்குக் காசு கொடுப்பது கடையில் வாங்குபவர்தான், அதிலும் வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் அது அதிகமாகச் சுடும். 2025 செப்டம்பரில் வெண்ணெய், நெய், சீஸுக்கு ஜிஎஸ்டியை 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், அது எங்களுக்குப் பெரிய மூச்சு. மாட்டுக்காரர்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. என் அம்மாவும் பால் ஊற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

பால்வளம் ஓய்வு:

கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கனடா கதையை மட்டும் வைத்துப் பேசினால் நம் நாட்டில் ஏற்கனவே என்ன நடந்தது என்பது விட்டுப்போகும்.

முதலில் ஐரோப்பா. அங்கே அரசு உத்தரவாத விலை கொடுத்தது, எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கியது. பால் பெருகி, வெண்ணெயும் பவுடரும் கிடங்கில் மலையாய்க் குவிந்தன. 1970-இல் தொடங்கிய நம் வெண்மைப் புரட்சிக்கு உலக உணவுத் திட்டம் வழியாக அந்த உபரியில் இருந்துதான் தானம் வந்தது, முதல் கட்டத்தில் 1,26,000 டன் பவுடர், 42,000 டன் வெண்ணெய் எண்ணெய். அந்தப் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியன் செய்த காரியம் இங்கேதான். அதை அப்படியே சந்தையில் கொட்டியிருந்தால் நம் மாட்டுக்காரன் அன்றே அழிந்திருப்பான். பெருநகரப் பால் ஆலைகளுக்கு உள்ளூர் பால் விலையைக் கெடுக்காத விலையில் விற்று, வந்த பணத்தில் கூட்டுறவுகளைக் கட்டினார்கள். இலவசமாக வந்த பவுடருக்கும் ஒரு விலை வைத்ததில்தான் எல்லாமே இருக்கிறது. 1984-இல் ஐரோப்பாவே தாங்க முடியாமல் கோட்டா போட்டது, 2015 மார்ச் 31 வரை அது இருந்தது.

நம் நாட்டில் உற்பத்தியாளருக்குக் கோட்டா என்றுமே இருந்ததில்லை. ஆனால் வாங்குபவருக்கு இருந்தது. 1992-இல் பால் மற்றும் பால் பொருள் ஆணை வந்தது, நாளைக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் ஆலை பதிவு செய்ய வேண்டும், எந்தப் பகுதியில் பால் எடுக்கலாம் என்று எல்லை பிரித்துக் கொடுத்தார்கள். 2002-இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் தனியார் வண்டிகள் தாராளமாக ஊருக்குள் வர ஆரம்பித்தன. 2023 மே மாதம் குஜராத் கூட்டுறவான அமுல் கிருஷ்ணகிரி பக்கம் பால் எடுப்பதை நிறுத்தச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், ஞாபகம் இருக்கும். ஒரு கூட்டுறவின் பகுதிக்குள் இன்னொரு கூட்டுறவு வரக் கூடாது என்பது பழைய வழக்கம், சட்டம் போன பிறகும் எல்லோரும் மதித்து வந்தது. அந்தக் கடிதத்தில் 9,673 சங்கங்கள், 4.5 லட்சம் உறுப்பினர்கள், நாளைக்கு 35 லட்சம் லிட்டர் என்று ஆவின் கணக்கும் இருந்தது.

எல்லை வரிக்கு வருவோம். பவுடருக்கு வரி போடுவதில்லை என்று பழைய காலத்தில் உலக வர்த்தகப் பேச்சில் நாம் கையெழுத்துப் போட்டிருந்தோம். 1990-களின் இறுதியில் வெளிநாட்டுப் பவுடர் உள்ளே வர ஆரம்பித்ததும்தான் அதன் வலி தெரிந்தது. திரும்பப் பேசி, 10,000 டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம் என்று மாற்றினார்கள். பேக்கரி அம்மா சொன்ன 60 இதுதான். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று இந்தியா எழுந்து வந்ததற்குப் பாலும் ஒரு முக்கியக் காரணம், நியூசிலாந்து தன் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்கிற நாடு. பிரிட்டனோடு 2025 ஜூலையில் போட்ட ஒப்பந்தத்திலும் பாலை வெளியே வைத்துவிட்டார்கள். ஆக எல்லைக் காவல் நமக்கு இருக்கிறது. உள்ளே விலைக்குக் காவல் இல்லை.

மஞ்சூர் தேயிலை:

எங்களைப் பார்த்தாவது புரிந்துகொள்ளுங்கள். பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் சராசரி விலை அறிவிக்கிறது, ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனதோ அதில் இருந்து பிரித்துக் கணக்குப் போடுவதுதான் அது. எங்கள் உரம், பறிகூலி எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. அதனால்தான் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கொடு என்று படுகர் ஊர்களில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2000-இல் நடைமுறைக்கு வந்த இலங்கை ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் வரலாம் என்று ஒத்துக்கொண்டபோது நீலகிரியை யாரும் கேட்கவில்லை. தேயிலை கைவிட்டதால்தான் பாதிப் பேர் மாடு வாங்கினோம். இதையும் விட்டால் திருப்பூர் பஸ்தான். எனக்குக் கோட்டா பற்றிக் கருத்து இல்லை, ஆனால் விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் விளைவிப்பவனின் செலவுத்தாள் இருக்க வேண்டும் என்பதில் ஒரு அடி பின்வாங்க மாட்டேன்.

மன்னவனூர்க்காரன்:

கொடைக்கானல் மேல்மலையில் இருந்து. நீங்களாவது மேட்டுப்பாளையத்தில் இருந்து வைக்கோல் ஏற்றுகிறீர்கள், எங்களுக்கு வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் வந்து அங்கிருந்து இன்னும் உள்ளே வர வேண்டும். கேரட், உருளை அறுவடையில் கழிவதைப் போட்டு ஓட்டுகிறோம்.

நான் ஒரு சீஸ் பண்ணைக்குப் பால் கொடுக்கிறேன், அதனால் சுவிட்சர்லாந்து பற்றி அங்கே பேச்சு அடிக்கடி வரும். அவர்களும் 1977-இல் கோட்டா போட்டார்கள், 2009-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தபோது மலையை அம்போவென்று விடவில்லை. சீஸாகும் பாலுக்குக் கிலோவுக்கு இத்தனை என்று அரசு கூடுதல் பணம், சைலேஜ் என்கிற புளிக்க வைத்த பசுந்தீவனம் போடாமல் புல்லிலும் உலர்புல்லிலும் வளர்த்தால் அதற்குத் தனி, கோடையில் மாட்டை மேல்மலை மேய்ச்சலுக்கு ஏற்றினால் அதற்கும் தனி. ஐரோப்பிய யூனியனிலும் மலைப் பகுதி விவசாயிக்கு இயற்கையாகவே செலவு அதிகம் என்று ஒத்துக்கொண்டு 1975-இலேயே தனி உதவித்தொகை கொண்டுவந்தார்கள். மலைப் பொருள் என்று லேபிளில் போட்டு விற்கச் சட்டமே இருக்கிறது. நாம் ஏன் கோட்டாவையே பிடித்துத் தொங்குகிறோம்? இதைக் கேட்கலாமே.

பால்வளம் ஓய்வு:

இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான யோசனை இதுதான். ஆனால் கட்டபெட்டு தம்பியிடம் ஒரு கேள்வி கேட்காமல் விட முடியாது. செலவை வைத்து விலை, அதுவும் எவ்வளவு கொண்டுவந்தாலும் அந்த விலை என்றால், அது 1984-க்கு முந்தைய ஐரோப்பா. விலை நன்றாக இருந்தால் பால் பெருகும், பெருகினால் பவுடர் ஆகும், பவுடரை யார் வாங்குவார்கள்? 2018-இல் மகாராஷ்டிராவில் பவுடர் தேங்கி விலை சரிந்து, விவசாயிகள் ஜூலையில் டேங்கர்களை மறித்து லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் கேட்டது நம் கண்முன்னே நடந்தது. அதற்கு முன் 2011-இல் உள்நாட்டில் பால் பற்றாக்குறை என்று பவுடர் ஏற்றுமதியையே தடை செய்து, அடுத்த வருடம் தடையை நீக்கினார்கள். அந்த இடைவெளியில் பிடித்த வெளிநாட்டு வாடிக்கையாளரும் போனார்.

கோட்டாவை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஐரோப்பாவே சாட்சி. 2014 ஆகஸ்டில் ஐரோப்பியப் பால் பொருள்களுக்கு ரஷ்யா கதவை மூடியது, 2015-இல் கோட்டா போனது, எல்லோரும் பாலைக் கூட்டினார்கள், விலை தரைக்கு வந்தது. கறவையைக் குறைத்தால் கிலோவுக்கு 14 செண்ட் தருகிறோம் என்று 2016-இல் 15 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அரசு வாங்கி வைத்த பவுடர் 3,50,000 டன்னைத் தாண்டியது. நெதர்லாந்தில் மாடு பெருகிச் சாணம் தாங்காமல் 2018-இல் சாணத்தில் உள்ள பாஸ்பேட்டுக்கு அளவு வைத்துப் பாஸ்பேட் உரிமை என்று புதிதாக ஒரு கட்டுப்பாடு, அதையும் விற்கலாம் வாங்கலாம். கோட்டா வேறு பெயரில் திரும்பி வந்தது என்றே நான் சொல்வேன்.

கட்டபெட்டு கறவை:

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. மாநிலம் முழுக்க, எவ்வளவு ஊற்றினாலும், செலவு விலை என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் ஐம்பது மாடு, நூறு மாடு என்று கட்டுகிற பண்ணைதான் அதை அள்ளும், நாங்கள் இல்லை. மன்னவனூர்க்காரர் சொன்ன வழியில் மலைப் பாலுக்கு மட்டும் லிட்டருக்குக் கூடுதல் தொகை என்றால் பவுடர் மலை குவியாது. எங்களால் நினைத்தாலும் பெருக்க முடியாது, ஐயா. புல் இல்லை, இடம் இல்லை, குளிரில் கொட்டகை கட்டச் செலவு இரட்டிப்பு. புல்லும் பனியும்தான் எங்களுக்குக் கோட்டா.

இங்கே கறக்கிற பால் இங்கேயே தீர்ந்தும் போகிறது. சீசனில் கீழே இருந்து பால் மேலே ஏறுகிறது. அக்கா மாதிரி பேக்கரிகள், ஓட்டல்கள், ரிசார்ட்டுகள் எல்லாம் வாங்குகின்றன. அப்படியிருக்க மலைப் பாலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீண் செலவாகாது.

ஆனால் கூடுதல் தொகை லிட்டருக்கு மட்டும் இருந்தால் பெரியவர்களுக்கே போகும். ஒருவருக்கு இத்தனை லிட்டர் வரை என்று வரம்பு வைக்க வேண்டும், ரெண்டு மூன்று மாடு வைத்திருப்பவரின் பால் முழுதும் அதற்குள் அடங்கும்படி. உரிமையை யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. தம்பி சொன்ன 24 லட்சம் டாலர் கதையைப் படித்த பிறகு இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பால் ஊற்றும் உரிமைக்கு விலை வந்துவிட்டால் அது கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும், தேயிலை நிலம் போன மாதிரிதான் போகும்.

குன்னூரான் ஒண்டாரியோ:

அண்ணா, விற்க முடியாத உரிமை என்பதை இங்கேயும் ஆரம்பத்திலேயே வலியுறுத்தியவர்கள் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வழி இருந்திருக்கும். இன்னொன்றும் கேளுங்கள். இங்கே செலவு ஆய்வைக் கணக்காளர்கள் நிஜப் பண்ணைகளின் ரசீதுகளை வைத்துச் செய்கிறார்கள், சொந்த வேலை நேரத்துக்கும் கூலி போடுகிறார்கள். நம் ஊரில் அம்மா விடியற்காலை எழுந்து கறந்து, சாணி அள்ளி, புல் அறுப்பதற்கு யாரும் கூலி போடுவதில்லை. அது கணக்கில் வந்தாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

ஊட்டி பேக்கரி:

இந்த வடிவத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மலைப் பால், மலை வெண்ணெய் என்று நம்பகமான முத்திரை வந்தால் நான் கூடக் கொடுத்து வாங்கத் தயார், சுற்றுலா வருபவர்கள் அதற்குக் கொடுப்பார்கள். ஆனால் முத்திரை குத்திவிட்டுக் கீழே இருந்து வரும் பாலைக் கலந்தால் ஒரே சீசனில் பெயர் கெட்டுவிடும். கலப்படம் பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மஞ்சூர் தேயிலை:

நானும் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களிலும் வாங்கித் தருகிறேன்.

கட்டபெட்டு கறவை:

நல்லது. கலெக்டர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவு வைத்திருக்கிறேன்: நீலகிரிக்கும் கொடைக்கானல் மேல்மலைக்கும் தனியாகப் பால் உற்பத்திச் செலவு ஆய்வு, அதில் தீவன வண்டி வாடகையும் வீட்டாரின் உழைப்புக் கூலியும் கட்டாயம் வர வேண்டும். அந்த ஆய்வின்படி லிட்டருக்கு மலை ஊக்கத்தொகை, ஆளுக்கு இத்தனை லிட்டர் வரை என்ற வரம்போடு, கைமாற்ற முடியாதபடி. விலை மாற்றத்தை வருடத்தில் ஒரு குறித்த தேதியில் அறிவிப்பது, தீவன விலை திடீரென்று ஏறினால் நடுவில் ஒரு முறை திருத்துவது. அக்கா சொன்ன கலப்பட சோதனை. பவுடர், வெண்ணெய் இறக்குமதி வரியைக் குறைக்கக் கூடாது என்பதை மாநில அரசு மத்திய அரசுக்கு எழுத வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

மன்னவனூர்க்காரரே, கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் உங்கள் பக்கம் தனி மனு வேண்டும். வாசகம் அனுப்புகிறேன், வண்டி வாடகைக் கணக்கை மட்டும் உங்கள் ஊர் ரசீதுகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகளில் எருமை வைத்திருப்பவர்களிடமும் பேச வேண்டும். அவர்கள் எருமை கறப்பது கொஞ்சம், ஆனால் அந்தப் பாலின் கொழுப்பு பசும்பாலை விட ரொம்ப அதிகம், வரம்பை லிட்டரில் வைப்பதா கொழுப்பில் வைப்பதா என்பதை அவர்களைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. முத்தநாடு மந்து பக்கம் யாருக்காவது பழக்கம் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.